நெப்ராஸ்கா புல்வெளிக் குடியேறிகள் சொந்தக் காலில்தான் நின்றார்களா?

கரிசல்காட்டான்:
1862இல் அமெரிக்க அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். ஆனால் அமெரிக்காவின் நடுவே புல்வெளியான நெப்ராஸ்காவில் போய் இறங்கியவர்களுக்கு வீடு கட்ட மரம்கூட இல்லை. புல்வேர் பின்னிக் கிடந்த மண்ணை ஏரால் பட்டை பட்டையாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். விறகுக்குப் பதில் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தவர்கள் என்றால் இவர்கள்தான்.

வானம்பாடி:
உழைப்பை மறுக்கவில்லை அண்ணா. 'யாரையும் எதிர்பார்க்காமல்' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரை சாப்பாடு, இதற்கெல்லாம் காசு வேண்டாமா? பல ஆண்கள் கூலிக்கு ரயில்பாதை போடப் போனார்கள். குழந்தைகளோடு மண்வீட்டில் தனியாக இருந்தது மனைவிதான். மழை விட்ட பிறகும் கூரையிலிருந்து சேற்றுத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மண்ணும் பூச்சியும், சில நேரம் பாம்பும் விழும் என்று கூரைக்கு அடியில் துணி கட்டுவார்கள். அந்தத் துணிக்குக் கீழேதான் சமையல், பிரசவம் எல்லாம். கிணறு தோண்டவும் கதிர் அடிக்கவும் அக்கம்பக்கத்தார் மாறி மாறி வந்தார்கள். 1874இல் வெட்டுக்கிளிகள் வயலை மொட்டையடித்தபோது ராணுவக் கிடங்கிலிருந்து கோட்டும் பூட்ஸும் வந்தன.

கரிசல்காட்டான்:
பஞ்ச காலத்தில் ஒரு கோட்டு வாங்கியதால் உழைப்பு குறைந்துவிடுமா? அதே வெட்டுக்கிளியைப் பார்த்துப் பலர் வண்டி கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். 1888 ஜனவரியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பனிப்புயல் அடித்துக் குழந்தைகள் வழியிலேயே செத்தார்கள். அதற்கு அப்புறமும் அங்கேயே இருந்தவர்களை நிற்க வைத்தது அவர்களுடைய பிடிவாதம்தான். அக்கம்பக்கத்து உதவியும் அவர்களே உண்டாக்கிக்கொண்டது. அதை அவர்கள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மேட்டுநிலம்:
இரண்டு பேருமே நிலத்தைக் காலியாக இருந்த மாதிரி பேசுகிறீர்கள். அங்கே பாவ்னி என்ற பூர்வகுடி மக்கள் சோளம் விளைவித்தார்கள், காட்டெருமை வேட்டையாடினார்கள். 1870களில் அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா மாநிலத்துப் பக்கம் போக வேண்டியதாயிற்று. நீங்கள் சொன்ன சாணம் அந்த மந்தைகள் விட்டுப்போனது. தோலுக்காக மந்தைகளைச் சுட்டுத் தீர்த்தபின் சாணமும் தீர்ந்தது. குடியேறிகள் வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். நிலத்தை வாங்கிக் கொடுத்த அரசை ஒதுக்கிவிட்டுச் சொந்தக் கால் என்று எப்படிச் சொல்வது?

கரிசல்காட்டான்:
அந்த அநியாயத்தை நான் நியாயப்படுத்தவில்லை, அது அரசு செய்தது. ஆனால் அதை வைத்து ஓர் ஏழைக் குடும்பத்தின் ஐந்து வருட வியர்வையை இல்லையென்று சொல்லக்கூடாது.

வானம்பாடி:
வியர்வை குடும்பத்துடையது, சரி. பட்டா யார் பெயரில்? திருமணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரில் மனு போடலாம். கணவனோடு வாழ்ந்தவளுக்கு அந்த உரிமை இல்லை. சாணம் பொறுக்கி, தண்ணீர் சுமந்து, அவன் ரயில்வேக்குப் போன மாதங்களில் வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டியது அவள்தானே?