பணி முடிந்த போலீஸ் குதிரைகளுக்கு என்னென்ன தொல்லை வரும்? பராமரித்தவர்கள் சொல்லுங்கள்

லாயக்காரன்:
மெரினா ரோந்தில் பல வருஷம் ஓடிய பெண்குதிரை. ஓய்வுக்காகத் தோப்புக்கு வந்து மூன்றாவது வாரம். படுக்கிறது, எழுகிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறது. நாடி நிமிடத்துக்கு 60ஐத் தாண்டிவிட்டது. சும்மா நிற்கும்போது 28 முதல் 44க்குள் இருக்கவேண்டும். அதன் சாண உருண்டை ஆறை பிளாஸ்டிக் கையுறையில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, விரல்கள் கீழே பார்க்கத் தொங்கவிட்டோம். கால் மணி நேரத்தில் ஐந்து விரலிலும் மணல் இறங்கி நின்றது. புல்லை வெறும் மணல் தரையில் கொட்டியதால் மணலும் வயிற்றுக்குள் போனதுதான் வலிக்குக் காரணம். பக்கத்தில் ஒருவர் விளக்கெண்ணெய் பாட்டிலோடு நின்றார். தயவுசெய்து வேண்டாம்! வலியில் துடிக்கும் குதிரைக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் வந்து மூக்கு வழியே குழாய் விட்டுத்தான் கொடுக்கவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

குளம்படி:
மணல் சரி, ஆனால் கொள்ளுதான் அதிகம் கெடுக்கிறது. ஒரு குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி நின்றது. குளம்பைத் தொட்டால் சூடு. ரோந்துக்காலத்தில் தின்ற அதே தீனியை, வேலையே இல்லாமல் நிற்கும்போதும் போட்டிருக்கிறார்கள். லாமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் வரும் அழற்சி. இது வந்த குதிரைக்குத் தானியத்தை உடனே நிறுத்துங்கள்; மற்றவற்றுக்கு இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். 450 கிலோ குதிரைக்குக் காய்ந்த புல் தினமும் 7 முதல் 9 கிலோ, தண்ணீர் 30 லிட்டருக்குக் குறையாமல். சித்திரை வெயிலில் இன்னும் கூட. லாடத்தையும் கழற்றிவிடுங்கள், கால் இளைப்பாறட்டும்.

மேய்ச்சல்காடு:
நாலு லாடத்தையும் ஒரே நாளில் கழற்றச் சொல்லாதீர்கள் ஐயா. ஆணித் துளை உள்ள இடத்தில் குளம்பு சில்லு சில்லாகப் பெயரும், அடிப்பாதம் கல்லைத் தாங்காது. முதலில் பின்னங்கால், ஒருமுறை குளம்பைச் சீவிய பிறகு முன்னங்கால். லாடம் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவித்தான் ஆகவேண்டும்.
பல்லை யாருமே சொல்லவில்லை. ஒரு கிழட்டுக் குதிரையின் காலடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் ஈரமாகக் கிடந்தன. தொட்டி நிறையத் தீனி, ஆனால் விலா எலும்பை எண்ணலாம். கடைவாய்ப் பல் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. அரத்தால் ராவி, கோதுமைத் தவிட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்த பிறகுதான் தின்றது. இன்னொன்று: ரோந்தில் ஜோடியாகவே போன குதிரையைத் தனியாகக் கட்டினால் வேலி ஓரமாகவே நடந்து இளைத்துப்போகும். ஒரு கழுதையாவது துணைக்கு வேண்டும்.

லாயக்காரன்:
அந்தப் பெண்குதிரைக்கு இப்போது ரப்பர் பாய் விரித்து, மேலே தொட்டி வைத்துப் புல் போடுகிறார்கள். நேற்றைய கையுறையில் நகக்கண் அளவுதான் மணல்.