அக்கா மகளுக்கு அருளா, நோயா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)
கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் சில நேரங்களில் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு சிறுமியின் குரலில் பேசுகிறாள். பிறகு கேட்டால், அப்போது நடந்த எதுவும் நினைவில் இல்லை என்று அழுகிறாள். உறவினர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள். மருத்துவரோ ‘டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்’, அதாவது ஒருவருக்குள்ளேயே அடையாளம் பல கூறாகப் பிரிந்து நிற்கும் மனக்கோளாறாக இருக்கலாம் என்கிறார். இதற்கு மாத்திரை உண்டா?

பதில் (மனநல ஆலோசகர், ஈரோடு)
வணக்கம் அம்மா. நோன்பு சாட்டிய ஊரில் உடுக்கைச் சத்தத்திற்கு ஒருவருக்கு அருள் வந்து, பூசை முடிந்ததும் இறங்கிவிட்டால் அது நோயன்று. விரும்பாமலே, படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு அடையாளம் மாறி, இடையில் நினைவும் அறுந்துபோனால்தான் அதைக் கோளாறாகக் கருதுகிறோம். 1994 வரை பன்முக ஆளுமைக் கோளாறு என்று இதைக் குறிப்பிட்டார்கள். இது ஸ்கிசோபிரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் அன்று; ஆனால் வலிப்பு நோய் போன்றவை இல்லை என்பதை நரம்பியல் மருத்துவர் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

இக்கோளாற்றுக்கென்று தனி மாத்திரை இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் மருந்து தருவார்கள். முதன்மைச் சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய உளவியல் சிகிச்சையே. பாதுகாப்பும் நிதானமும் முதலில்; பழைய காயங்களைப் பேசுவது அதன் பிறகு; பிரிந்து நிற்கும் அடையாளங்கள் ஒன்றோடொன்று இணங்கி வாழ்வது இறுதியில். பலரிடம் இதன் பின்னணியில் சிறுவயதில் திரும்பத் திரும்ப நேர்ந்த கொடுமை இருப்பதால், தயவுசெய்து வீட்டில் யாரும் அவளைத் துருவிக் கேட்க வேண்டாம். அப்படி அவளைத் துன்புறுத்தியவர் இன்றும் வீட்டுக்கு வந்துபோகும் நிலை இருந்தால், அதை நிறுத்தாமல் எந்தச் சிகிச்சையும் வேர்பிடிக்காது.

பதில் (ஒரு தாய், பொள்ளாச்சி)
என் மகளுக்கும் இதே நோய்தான், சகோதரி. குரல் மாறும்போது நாங்கள் அதட்டுவதில்லை. “அந்தப் பிள்ளையைக் கூப்பிடு” என்று வேடிக்கை பார்ப்பதும் இல்லை. இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம், அருகில் இருப்பது யார் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்போம். கோயிலுக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை, ஆனால் வேப்பிலையால் அடிப்பதற்கும் கட்டிவைப்பதற்கும் ஒருபோதும் இடம் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. தன்னையே காயப்படுத்திக்கொள்ளப் போவதாக நள்ளிரவில் சொன்னால் யாரை அழைப்பது?

பதில் (மனநல ஆலோசகர், ஈரோடு)
அவளைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.