கலைச்சொல்: ‘கணித்த கதிரளவு’ என்ற சொல்லாட்சி குறித்து

அன்புடையீர்,

கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு திரையில் காட்டும் முறைக்குப் பெயர் கேட்ட இந்த இழையில், ‘கணித்த கதிரளவுக் காட்சி’ என்ற பரிந்துரைக்குப் பலரும் இசைவு தெரிவித்திருக்கிறீர்கள். (‘கதிரளவு’ என்பது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு.) சொல் செவிக்கு இனிதாகவே இருக்கிறது. இலக்கணக் குறையும் இல்லை. ஆயினும் அதை ஏற்பதில் எனக்கு ஒரு தடை உண்டு.

தடை ‘கணி’ என்ற வேரில் இருக்கிறது. தமிழில் வட்டியையும் கணிக்கிறோம், வானிலையையும் கணிக்கிறோம்; எண்களைக் கொண்டு உறுதியாகக் கணக்கிடுவதற்கும், வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதற்கும் ஒரே வினை. பிற துறைகளில் இடம் நோக்கிப் பொருள் கொண்டுவிடலாம். இங்கே அது முடியாது. ஏனெனில் இத்துறையில் கணக்கிட்ட கதிரளவும் முன்கூட்டிச் சொன்ன கதிரளவும் வெவ்வேறு வழியில் பிறந்து, ஒரே திரையில், ஒரே வண்ணங்களில், அடுத்தடுத்துத் தோன்றுகின்றன.

கணக்கிட்ட கதிரளவு என்பது, நோயாளியின் சி.டி. படத்திலிருந்து திசுக்களின் அடர்த்தியை எடுத்துக்கொண்டு, கதிர்க்கற்றையின் ஆற்றல், அது வரும் கோணம், கற்றைக்கு உருவம் தரும் உலோகத் தகடுகளின் நிலை ஆகியவற்றை வைத்து, ஒவ்வொரு கனத்துணுக்கிலும் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறு கட்டத்திலும்) எவ்வளவு ஆற்றல் உறிஞ்சப்படும் என்று இயற்பியல் விதிகளின்படி பெறுவது. நுண்ணறிவு வலையமைப்பு தருவதோ வேறு. அதற்குச் சி.டி. படமும், கட்டி, காக்க வேண்டிய உறுப்புகள் ஆகியவற்றின் எல்லைக்கோடுகளும் உள்ளீடு. முன்பு பிற நோயாளிகளுக்கு வகுத்த திட்டங்களைப் பார்த்துப் பழகிய அது, இந்த நோயாளிக்கு நல்ல திட்டம் ஒன்று வகுத்தால் கதிரளவு எப்படிப் பரவியிருக்கும் என்பதைப் படமாகத் தீட்டித் தருகிறது. பெரும்பாலான வலையமைப்புகளில் அந்தப் படத்துக்குப் பின்னால் கற்றையும் இல்லை, தகடுகளின் நிலையும் இல்லை. எந்திரத்தால் அதை அப்படியே வழங்க முடியும் என்பதற்கு உறுதியும் கிடையாது. 2020-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் நடத்திய ‘ஓப்பன்கேபிபி’ போட்டியில் தலை–கழுத்துப் புற்றுநோயாளர் 340 பேரின் தரவு பயன்பட்டது. 200 பேருடையது பயிற்சிக்கு, 40 பேருடையது சரிபார்ப்புக்கு, 100 பேருடையது இறுதிச் சோதனைக்கு. அங்கு போட்டியாளர்கள் செய்தது, கதிரளவை முன்கூட்டிச் சொல்லும் இந்த இரண்டாம் வகை வேலைதான். அத்தகைய படத்தை வழங்கத்தக்க திட்டமாக மாற்றுவது தனிப்பட்ட இன்னொரு படி.

கழுத்து மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். 35 அமர்வுகளில் 70 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) என்பது மருத்துவர் விதித்த அளவு. விதித்த அளவில் 95 விழுக்காட்டைக் காட்டும் சிவப்புக் கோடு இலக்கைச் சுற்றி ஒட்டியிருக்கிறது. பின்னால் தண்டுவடத்துக்கு உச்சவரம்பு 45 கிரே. பக்கத்தில் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்கு மிகக்கூடாது, மிகுந்தால் நாளடைவில் வாய் வறளும். வலையமைப்பின் படம் அந்தச் சுரப்பிக்கு 24 என்றும், முடித்த திட்டம் 29 என்றும் காட்டுவதாக வைத்துக்கொண்டால், திட்டத்தை இன்னும் செம்மைப்படுத்த இடமிருக்கலாம் என்று இயற்பியலாளர் உணர்வார். அதற்காகத்தான் இரண்டையும் அருகருகே காட்டுவது. இரண்டின் தலைப்பிலும் ‘கணித்த கதிரளவு’ என்று இருந்தால், 24 என்ற எண்ணையே நோயாளி பெறப்போகும் அளவாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

‘முன்கணிப்பு’ என்றால் தீராதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேர் அதுவே, போதாததற்கு, நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வதற்கு மருத்துவ நூல்களில் அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே இயற்பியல் வழி வந்ததைக் ‘கணக்கிட்ட கதிரளவு’ என்றும், வலையமைப்பு தந்ததை ‘ஊகக் கதிரளவு’ என்றும் கொள்ளப் பரிந்துரைக்கிறேன். ‘ஊகம்’ கருவியை மட்டம் தட்டுவது போல் ஒலிக்கிறது என்பார் சிலர். சிறிது ஒலிக்கட்டும், பார்ப்பவர் தயங்கிச் சரிபார்ப்பது இங்கே நல்லதே. ‘உய்த்துணர்ந்த கதிரளவு’ நேர்மையான மாற்று, ஆனால் பொத்தானில் அடங்காது.

மற்றவை சுருக்கமாக. ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம்; சிகிச்சை எந்திரமான நேர்கோட்டு முடுக்கியிலிருந்து வருவது எக்ஸ் கதிர், அங்கே கதிரியக்கப் பொருள் எதுவும் மூலமாக இல்லை. (இச்சிகிச்சைக்கு மக்கள் வழக்கில் ‘கரண்ட் வைப்பது’ என்பதே நிலைத்திருக்கிறது, நோயாளிக்கான கையேட்டில் அதையும் ஓரிடத்தில் சேர்ப்பது தகும்.) கதிரளவுக்கு ‘மாத்திரை’ என்ற பரிந்துரை அழகானது, ஆனால் மருத்துவமனையில் அந்தச் சொல் விழுங்கும் வில்லைக்கு உரியதாகிவிட்டது. சம அழுத்தக் கோடு, சம வெப்பக் கோடு என்று புவியியல் பாடத்தில் படித்தவர்களுக்குச் ‘சமக் கதிரளவுக் கோடு’ (ஒரே கதிரளவு பெறும் இடங்களை இணைப்பது) எளிதில் புரியும். உறுப்பின் எத்தனை விழுக்காடு எவ்வளவு கதிர் பெறுகிறது என்று காட்டும் வரைபடத்தை ‘நிகழ்வுச் செவ்வகம்’ (ஹிஸ்டோகிராம்) என்று பாடநூல் மரபில் பெயர்ப்பது பொருந்தாது. வழக்கமாகப் பார்க்கும் திரள் வடிவத்தில் செவ்வகமே இல்லை, சரிந்து இறங்கும் வளைகோடுதான் இருக்கிறது. ‘கதிரளவு–பருமன் வரைபடம்’ போதும்.

வண்ணத்தைப் பொறுத்தும் ஒரு வேண்டுகோள். கணக்கிட்டதற்கு நிரப்பிய வண்ணமும் ஊகத்துக்கு வெறும் புள்ளிக்கோடும் என்று இடைமுகத்தில் பிரித்துவிட்டால் சொல்லின் சுமை பாதி குறையும். முதலாவதை ‘வண்ணப் பரப்பு’ என்றும் இரண்டாவதை ‘ஊகக் கோடு’ என்றும் மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போதைக்கு இட்டிருக்கிறேன். கற்றை புறப்படும் புள்ளியிலிருந்து இலக்கைப் பார்க்கும் காட்சிக்குக் ‘கற்றைநோக்கு’ என்பதா, ‘கற்றைமுகக் காட்சி’ என்பதா என்பது மட்டும் முடிவாகவில்லை. அதற்கு உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.