வேலிச் செடியில் காய் பிடித்திருக்கிறது, சாப்பிடலாமா?

காட்பாடி வேலிக்காரன்:
ஆடு புகாமல் இருக்க, மூன்று வருஷத்துக்கு முன்னால் நர்சரியில் ஆறு கன்று வாங்கி வேலியோரம் வைத்தேன். "அழகுச் செடி சார், வெள்ளையா பூக்கும்" என்றார்கள். பேர் சொல்லவில்லை. பூ மல்லிகை வாசம். இந்த ஆனியில்தான் முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. கொத்துக் கொத்தாக, வெள்ளைக் காயில் ஒரு கன்னம் மட்டும் ரோஸ். கிள்ளினால் பால், கத்தியில் ஒட்டினது இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டம்மா, "இது அரளி ஜாதி, பேரன் வாயில வெக்கறதுக்குள்ள வெட்டிடுங்க" என்கிறார். வெட்ட மனசு வரவில்லை.

ஏலகிரி அடிவாரம்:
முள் இருக்கிறதா, அதைச் சொல்லவே இல்லையே சார்?

காட்பாடி வேலிக்காரன்:
முள்ளுக்காகத்தானே வைத்தேன்! கணுவுக்குக் கணு ஜோடியாக இருக்கிறது. முழங்கை பூரா கீறல்.

ஏலகிரி அடிவாரம்:
அப்போது களாதான். எங்கள் பக்கம் கிளாக்காய் என்போம். அந்த அம்மா சொன்னதிலும் பாதி சரி. களாவும் அரளியும் ஒரே குடும்பம். ஆனால் அரளிக்கு முள் கிடையாது, காயும் நீளமாக இருக்கும். பால் வடிந்தாலே விஷம் என்றால் சப்போட்டாவை எங்கே வைப்பது? ஒன்றிரண்டைப் பழுக்க விட்டுப் பாருங்கள். சிவந்து, பிறகு கறுத்தால் நம்ம ஊர்க் களா. பூவும் பழமும் பெரிதாக, கறுக்காமல் சிவப்பாகவே நின்றால் தென்னாப்பிரிக்கக் களா. அதிலும் பழுத்த பழத்தைத் தின்னலாம். இலை, தண்டு, பால் எதுவும் வாய்க்கு வேண்டாம். சந்தேகம் தீரும்வரை பேரனையும் கிட்டே விடாதீர்கள்.

ஆற்காட்டு அத்தை:
ஊறுகாய்க்குப் பழுக்கக் காத்திருக்காதீங்க தம்பி, ரோஸ் நிறத்திலேயே பறிச்சிடணும். கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டு இரண்டாப் பிளந்து, விதையை எடுத்து, உப்புத் தண்ணியில போடுங்க, பால் கழியும். அப்புறம் துணியில ஈரம் போக உலர்த்தி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பீங்கான் ஜாடியில மூணு நாள். தினம் ஒரு குலுக்கு. நல்லெண்ணெயில கடுகு தாளிச்சு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடிச்ச வெந்தயம். புளி வேண்டாம், காயே போதும். ஆடிக் கூழுக்கு இதை விட்டா வேற எதுவும் எனக்கு இறங்காது. பேக்கரி கேக் மேல சிவப்பா உட்காந்திருக்கே செர்ரி, அதுவும் பெரும்பாலும் இந்தக் காய்தான், பாகில ஊறி சாயம் ஏறினது.

காட்பாடி வேலிக்காரன்:
பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்து செடியில் பழம் மையாகக் கறுத்துவிட்டது. ஆறாவது, கேட்டுப் பக்கம் இருப்பது, வேறு ரகம்: ஒரே ஒரு பழம், எலுமிச்சை அளவு, ரத்தச் சிவப்பு, முள் நுனி கவட்டை மாதிரி பிரிந்திருக்கிறது. நர்சரிக்காரருக்கே தெரிந்திருக்காது. அறுத்துப் பார்த்தால் மெல்லிசு விதை பன்னிரண்டு. களாவில் நாலுதான் இருந்தது. ஜாடி நேற்றுதான் நிரம்பியது. அத்தை, எண்ணெய் தடவச் சொன்னதை நான் பாதிக் காய் அரிந்த பிறகுதான் படித்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் பிசுபிசுக்கின்றன.