நெருங்கினால் சுடும் தீ, நீங்கினால் சுடும் தீ: பாரசீகக் கவிதையில் கருத்துருவகம்

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகர்)

வணக்கம். சேலத்தில் நண்பர்கள் சிலர் கூடிக் காமத்துப்பாலையும் பாரசீகக் கவிதைகளையும் சேர்த்துப் படித்து வருகிறோம். உருவகம் செய்யுளுக்கு இடும் அணி மட்டுமன்று, மனிதர் சிந்திக்கும் முறையே அது என்று மொழியியலாளர் லேக்காஃபும் மெய்யியலாளர் ஜான்சனும் 1980இல் எழுதினார்கள். அதன்படி ‘காதல் ஒரு தீ’ என்பதை எல்லா மொழிக்கும் பொதுவான கருத்துருவகம் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், ‘தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ’ (1159) என்னும் குறளில் பிரிவுதான் சுடுகிறது. பாரசீகத்து விட்டிலோ சுடரை நெருங்கி எரிகிறது. இரண்டையும் ஒரே உருவகமாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1 (சூரமங்கலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

அடிப்படை ஒன்றுதான். தீயின் எந்தக் கூறு காதலின்மேல் ஏற்றப்படுகிறது என்பதே வேறுபாடு. பாரசீகச் சூஃபிக் கவிஞர் அத்தாரின் ‘பறவைகளின் மாநாடு’ என்னும் காவியத்தில் ஒரு விட்டில் தொலைவில் ஒளியைக் கண்டு திரும்புகிறது. அடுத்தது சிறகு கருகித் திரும்புகிறது. இன்னொன்று சுடரைத் தழுவி, உடல் முழுதும் தீயின் நிறமாகச் சிவந்துவிடுகிறது. சுடரை அறிந்தது அது ஒன்றே என்கிறது மூத்த விட்டில். இறைக்காதலில் ‘நான்’ கரைந்துபோவதைச் சூஃபி ஞானியர் ‘ஃபனா’ என்பார்கள்; அந்தத் தன்னழிவைச் சொல்ல, எரிபொருள் தீயாகவே மாறிவிடும் கூறு அத்தாருக்குத் தேவைப்பட்டது. குறள் தலைவிக்கோ அது வேண்டாம். வெம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த உருவகமும் தன் நோய்க்குப் போதாது என்கிறாள். அவள் செய்வதே நுட்பமானது என்பேன்.

மறுமொழி 2 (ஏற்காடு)

ஐயா சொன்னது சரி. ஆயினும் பாரசீகத்தில் பிரிவு சுடுவதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பாரசீகக் கவிஞர் சாதி (Saadi) 1257இல் முடித்த ‘பூஸ்தான்’ என்னும் கவிதை நூலில், “காதலன் நான் எரிவது முறை, நீ ஏன் அழுகிறாய்?” என்று விட்டில் கேட்கிறது. இனிய துணையான தேன் பிரிந்ததால்தான் தன் தலையில் தீ மூண்டது என்கிறது மெழுகுவர்த்தி. நீ சிறகு கருகியதும் ஓடுகிறாய், நான் முற்றும் எரியும்வரை நிற்கிறேன் என்றும் சொல்கிறது. எங்கள் மலையில் தேனடையைப் பிழிந்தபின் துணியில் தங்கும் சக்கையை வெந்நீரில் உருக்கினால், மெழுகு மஞ்சளாக மிதந்து உறையும்; ஆறிய பிறகும் அதில் தேன் மணம் போகாது. சூஃபிக் கவிஞர் ரூமியும் தம் ‘மஸ்னவி’ என்னும் நெடுங்கவிதையின் தொடக்கத்திலேயே, படுகையிலிருந்து அறுக்கப்பட்ட நாணற்குழலின் ஓசை காற்றன்று, தீ என்கிறார்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் 1159ஐச் சாதியின் மெழுகுவர்த்தியோடு சேர்த்துப் படிக்கிறோம். அத்தாரின் விட்டிலுக்கு இணை தேட அகப்பாடல்களைவிட வள்ளலாரின் சோதிப் பாடல்களே பொருந்தும் என்று தோன்றுகிறது. எந்தப் பதிகத்தில் தொடங்கலாம் என்று ஐயா சொல்ல வேண்டும்.