வீட்டு மின்செலவுத் தளம்: படிவத்துக்கு வந்ததும் ஆட்கள் நின்று விடுகிறார்கள், எப்படிச் சரி செய்வது?

அவிநாசிக்காரன்:
வணக்கம்ங்க. எங்கள் பகுதி நுகர்வோர் குழுவுக்காக ஒரு பொதுத் தளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வீட்டில் அனலைக் குறைப்பது, ஃபேன் மாற்றுவது, மாடியில் சோலார் போடுவது, இதற்கெல்லாம் என்ன செலவாகும், எவ்வளவு மிச்சமாகும் என்று மக்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எதையும் விற்கிற தளம் இல்லை.

சிக்கல் இதுதான். முகப்பில் 'உங்கள் வீட்டைக் கணக்கிடுங்கள்' பொத்தானை நிறையப் பேர் தொடுகிறார்கள். அடுத்து வரும் படிவத்தில் அப்படியே நின்று விடுகிறார்கள். அதில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை, இரண்டு மாத யூனிட், கூரைப் பரப்பு சதுர மீட்டரில், ஏசியின் நட்சத்திரக் குறியீடு, வீடு கட்டிய ஆண்டு எல்லாம் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போனைக் கொடுத்துப் பார்த்தேன். 'மின்சுமை' கட்டத்தில் விரலை வைத்தார். ஈபியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் திறந்து மேலும் கீழும் தேடினார். அதில் பணமும் கடைசித் தேதியும்தான் கண்ணில் பட்டன. "அப்புறம் பாக்கறேன் கண்ணு" என்று போனைத் திருப்பிக் கொடுத்து விட்டார்.

கேள்விகளைக் குறைத்தால் கணக்கு தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோவை_திரை:
தம்பி, அந்த அக்காவே பதில் சொல்லிவிட்டாங்க. அவர் கையில் இருந்தது பில் தொகை. அதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். கட்டண அட்டவணையை வைத்துத் தொகையிலிருந்து யூனிட்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம். அட்டவணையைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் மாறும்போது அதை மட்டும் திருத்தினால் போதும்.

பில்லுக்கும் முன்னால் ஒரு கேள்வி வேண்டும்: உங்களுக்கு என்ன தொந்தரவு, பில் ஏறுகிறதா, வீடு அனலாக இருக்கிறதா? முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பில்லே வராத வீடுகள் நம் பக்கம் ஏராளம். அவர்களிடம் மிச்சக் கணக்கு பேசிப் பயனில்லை. சித்திரை வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் மாடித் தளத்திலிருந்து அனல் இறங்குகிறதே, அவர்கள் வருவது அதற்குத்தான்.

பிரிட்டன் அரசுத் தளங்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வைக்கிறார்கள். போனில் அது நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு கேள்வியிலும் 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் கட்டாயம் இருக்கட்டும். அதைத் தொட்டால் சராசரியை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். சதுர மீட்டரை எடுத்துவிட்டுச் சதுர அடி போடுங்கள்.

பதிலை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வழியோடு காட்டுங்கள். 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் சுமார் 22. ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். ஆக, 520 யூனிட் ஓடும் வீட்டில் ஒரே ஒரு ஃபேன் மாறினாலும் பில் கணிசமாக இறங்கும். இதைச் சொல்லும் பக்கம்தான் உங்கள் தளத்தின் உயிர். அதைப் படிவத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

பெருந்துறை_கட்டுமானம்:
கூரையைப் பற்றிச் சொல்கிறேன். 'கூரை வகை' என்று எழுதிப் பட்டியல் போட்டால் யாருக்கும் விளங்காது. நாட்டு ஓடு, சீமை ஓடு, காங்கிரீட் தளம், சிமெண்ட் சீட், தகர சீட் என்று ஐந்து போட்டோ போடுங்கள், அவரவர் வீட்டைப் பார்த்துத் தொட்டுக்கொள்வார்கள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. காங்கிரீட் தளத்துக்கு வெள்ளைப் பூச்சோ கூலிங் டைல்ஸோ சரி. புழுதி படிந்தால் வெள்ளை மங்கி வேலை குறையும், கழுவி விட வேண்டும், அதையும் எழுதுங்கள். சீட் வீட்டுக்கு உள்ளே இடைவெளி விட்டு, காற்றோட்டத்தோடு ஃபால்ஸ் சீலிங். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைச் சுரண்டவோ துளை போடவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். இந்த எச்சரிக்கையைச் சிமெண்ட் சீட் போட்டோவுக்குக் கீழேயே போடுங்கள்.

சோலார் ஹீட்டர் பக்கத்தில் போர்த் தண்ணி பற்றிக் கேளுங்க. உப்புத் தண்ணி என்றால் குழாயில் படிவு கட்டிக்கொள்ளும்.

பள்ளிபாளையத்துத்_தறி:
எங்கள் வீட்டில் தறியும் உண்டு. தறிக்குத் தனி இணைப்பு, வீட்டுக்குத் தனி இணைப்பு. பில் தொகை என்று பொதுவாகக் கேட்டால் நாங்கள் இரண்டையும் கூட்டிப் போட்டு விடுவோம். 'வீட்டு இணைப்பு மட்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கண்ணா. வாடகைக் குடித்தனக்காரர்களுக்கும் ஒரு வழி வையுங்கள். மாடித் தளத்தைத் தொட அவர்களுக்கு உரிமை இல்லை, ஃபேன் என்றால் கழற்றி எடுத்துப் போகலாம்.

எழுத்துரு_அக்கா:
உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து, அதுவும் சின்ன அளவில். 'ணி'யா 'ணீ'யா என்று எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். தமிழுக்கு மேலும் கீழும் சுழி உண்டு, வரி இடைவெளியைக் கூட்டுங்கள். 'கணக்கிடுங்கள்' பொத்தான் சின்னப் போனில் உடைந்து இரண்டு வரியாகிறது, அகலத்தை நிலையாக வைக்காதீர்கள். மானியப் பக்கத்தில் தொங்கும் பிடிஎஃப், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கிறது. தேடினாலும் கிடைக்காது, படித்துக்காட்டும் செயலியும் உளறும். யூனிகோடில் சாதாரணப் பக்கமாகவே போட்டுவிடுங்கள்.

அவிநாசிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. முதல் கேள்வியை 'என்ன தொந்தரவு?' என்று மாற்றி அதே அக்காவிடம் கொடுத்தேன். 'ராத்திரி அனல்' என்பதைத் தொட்டு, காங்கிரீட் தளம் போட்டோவைத் தொட்டு, முடிவுப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டார். உடனே கேட்டார், "செரி, இதுக்கு யாரைக் கூப்பிடறது?" வேலையாட்கள் பட்டியல் போடலாமா?

கோவை_திரை:
வேண்டாம் தம்பி. ஒரு பெயர் போட்டாலே பொதுத் தளத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். அதற்குப் பதில் ஒரே தாளில் அச்செடுக்கும்படி 'கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டியவை' என்று போடுங்கள். கொத்தனாரிடம் பூச்சு எத்தனை கோட், மாடித் தளத்தை எப்படிக் கழுவித் தயார் செய்வார், நீர்க்கசிவை முதலில் அடைப்பாரா. சோலார்காரரிடம், மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமான பிஎம் சூர்ய கரின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்தவரா என்று.

அந்தத் திட்டத்தின் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு வரும். ஆரம்பச் செலவுக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கும் என்பதை மானியத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் எழுதுங்கள்.