ஒரு தொடரில் கேட்ட வசனம் உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே உதவியிருக்கிறதா?

கடைசிவரிசை எழுதியது:

இரண்டு வருடமாக ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வு தாண்டி, நேர்முகம் தாண்டி, இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. அதன் பிறகு ஒரு வாரம் நான் செய்ததெல்லாம் ஒன்றுதான்: நேர்முகத்தில் கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதி, நான் சொன்ன பதில்களைப் பக்கத்தில் எழுதி, எங்கே தப்பு செய்தேன் என்று தேடினேன். சிவப்பு பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சுழிக்க ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. தப்பு கிடைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் போல.

அப்போது ஒரு நண்பன் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரிலிருந்து ஒரு சின்னத் துண்டை அனுப்பினான். 1989இல் வந்த எபிசோட். கேப்டன் பிக்கார்ட், டேட்டா என்ற இயந்திர மனிதனிடம் சொல்கிறார்: ஒரு தவறும் செய்யாமலேயே தோற்றுப்போக முடியும், அது பலவீனம் இல்லை, வாழ்க்கை அப்படித்தான். அவ்வளவுதான் வசனம். நான் நோட்டை மூடிவிட்டேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு வசனம் இருக்கிறதா, அது எந்த நேரத்தில் வந்தது? இன்னொன்று, இந்த ஆறுதல் எத்தனை நாள் தாங்கும்? எனக்கு இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற மாதிரி இருக்கிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

முதலில், பட்டியலில் பெயர் இல்லாதது வலிக்கிற விஷயம்தான், அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் துண்டோடு நிறுத்தாமல் முழு எபிசோடையும் பாருங்கள். அந்த வசனம் தேய்கிறது என்றால் அதற்குக் காரணம் நீங்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கொல்ராமி என்ற போர்த்தந்திர நிபுணரிடம் டேட்டா ஒரு விளையாட்டில் தோற்கிறார். இயந்திரம் தோற்கலாமா, அப்படியென்றால் எனக்குள் ஏதோ பழுது என்று முடிவுகட்டி, விண்கப்பலின் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பிலிருந்து தானே விலகி, அறைக்குள் உட்கார்ந்து தன்னையே சோதித்துக்கொண்டிருப்பார். உங்கள் சிவப்பு பேனா மாதிரியேதான். பிக்கார்ட் அங்கே வருவது ஆறுதல் சொல்ல இல்லை, வேலைக்குத் திரும்பச் சொல்லத்தான். அந்த வசனம் அந்தப் பேச்சின் நடுவில் வருகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. கடைசியில் டேட்டா அதே ஆளோடு மறுபடி விளையாடுகிறார். இந்த முறை ஜெயிக்க முயற்சியே செய்யவில்லை. முன்னேற வாய்ப்பு வந்தபோதும் அதை விட்டுவிட்டு ஆட்டத்தைச் சமநிலையிலேயே வைத்திருக்கிறார். புள்ளிகள் ஏறிக்கொண்டே போகின்றன, எதிராளி பொறுமை இழந்து ஆட்டத்தை விட்டே எழுந்து போய்விடுகிறார். தப்பு எங்கே என்று தேடியவரைக்கும் டேட்டாவுக்கு இது தோன்றியிருக்காது. தப்பு இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆட்டத்தையே வேறு மாதிரி ஆடலாம் என்று தோன்றியது. நீங்கள் நோட்டை மூடியது சரி. அடுத்து என்ன நோட்டைத் திறக்கப்போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது.

---

மூன்றாவதுகியர் எழுதியது:

எனக்கு 'தி வெஸ்ட் விங்'. 2000 டிசம்பரில் வந்த 'நோயல்' என்ற எபிசோட்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஜாஷ் லைமன் வெள்ளை மாளிகையில் வேலை செய்பவர், துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டுப் பிழைத்தவர். உடம்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. கையில் கட்டோடு வருகிறார், கேட்டால் கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது என்கிறார். நாள் முழுக்க மருத்துவர் பேசிப் பேசி அந்தப் பொய்யை உடைக்கிறார். முடிந்து ஜாஷ் வெளியே வரும்போது அவருடைய மேலதிகாரி லியோ காத்துக்கொண்டிருப்பார், ஒரு கதை சொல்வார். ஒருவன் குழிக்குள் விழுந்துவிட்டான், ஏற முடியவில்லை. மேலே போன மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதிப் போடுகிறார். பாதிரியார் பிரார்த்தனை எழுதிப் போடுகிறார். அப்புறம் ஒரு நண்பன் வருகிறான், நேராகக் குழிக்குள் குதித்துவிடுகிறான். முட்டாளா நீ, இப்போது இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோமே என்கிறான் முதல் ஆள். அதற்கு நண்பன், நான் முன்பே இங்கே விழுந்திருக்கிறேன், வெளியே போக வழி தெரியும் என்கிறான். இதைச் சொல்லும் லியோ குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். அதனால்தான் அந்தக் கதையைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது.

என் விஷயம். சில வருடம் முன்பு நான் ஓட்டிப்போன காரைப் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, வண்டியும் பழுது பார்த்து வந்துவிட்டது, நான்தான் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாமல் ஆறு மாதம் இருந்தேன். எல்லோரும் அன்பாகத்தான் அறிவுரை சொன்னார்கள், தைரியமாக இரு, மூச்சை நன்றாக இழுத்து விடு என்று. அக்காவின் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சாவியை என் கையில் கொடுத்து, "இன்ஜினை மட்டும் போடு, வண்டியை எடுக்க வேண்டாம்" என்றார். போட்டேன். பத்து நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது, என் முழங்கால் நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, இன்னைக்கு இது போதும், அணைச்சிடு" என்றார். மறுநாளும் வந்தார். அவருக்கும் பத்து வருடம் முன்பு ஒரு விபத்து நடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரியவந்தது, அதற்கு முன்பு வீட்டில் யாரிடமும் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த எபிசோடை நான் பார்த்தது அதற்கெல்லாம் பிறகு. லியோ கதையைச் சொல்லி முடித்ததும் படத்தை நிறுத்திவிட்டு மாமாவுக்கு போன் செய்தேன். அதனால் எனக்கு வசனம் வழிகாட்டியது என்று சொல்ல மாட்டேன், ஏற்கனவே நடந்த ஒன்றுக்கு அது பெயர் கொடுத்தது. அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் பெயர் கிடைத்த பிறகுதான் அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வந்தது.

---

தெற்குஜன்னல் எழுதியது:

நான் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தம்பியின் போன் திரையில் 'பிரேக்கிங் பேட்' வசனம்தான் இருக்கிறது. கதவைத் தட்டுகிறவனே நான்தான் என்று, போதைமருந்து தயாரிக்கும் நாயகன் வால்ட்டர் வைட் சொல்வாரே, அது. 2011இல் வந்த நான்காம் சீசன். கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் அதை யாரிடம் சொல்கிறார்? பயந்துபோய், போலீஸிடம் போய்விடலாம் என்று கெஞ்சுகிற மனைவியிடம். அந்த நேரத்தில் அவர் யாருக்கும் ராஜா இல்லை, தன் முதலாளியின் பிடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதே சீசனில் சில எபிசோட் தள்ளி, வீட்டுக்கு அடியில் தரையில் கிடந்து, பணமும் போய் வழியும் தெரியாமல், அழுகையா சிரிப்பா என்று புரியாதபடி சிரிப்பார். என் தம்பி இரண்டு காட்சியையும் பார்த்தவன், ஆனால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் லிட்டில்ஃபிங்கர் என்ற சூழ்ச்சிக்காரர் சொல்வதும் அப்படித்தான், குழப்பம் என்பது ஏணி என்று. 2013இல் சொன்னார். 2017இல் வந்த ஏழாம் சீசனில் பிரான் என்ற இளைஞன் அதே வரியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்கிறான். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். அந்த சீசன் முடிவதற்குள் மண்டியிட்டு உயிருக்குக் கெஞ்சிச் சாகிறார். ஏணி என்கிற பேச்சை வாழ்க்கைப் பாடமாகப் பகிர்கிறவர்கள் அந்த மண்டியையும் சேர்த்துப் பகிர வேண்டும்.

வால்ட்டரிடம் பாடம் வேண்டும் என்றால் 2013இல் வந்த கடைசி எபிசோடில் இருக்கிறது. குடும்பத்துக்காகச் செய்தேன் என்று அத்தனை சீசனாகச் சொன்னவர், எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். அதை யாரும் போன் திரையில் வைப்பதில்லை. நான் அதைக் கேட்டபோது, வீட்டுக்காக என்று சொல்லிக்கொண்டு நான் கூடுதலாக எடுத்துப்போட்டுச் செய்யும் வேலை நேரத்தை எண்ணிப் பார்த்தேன். சுகமாக இல்லை.

---

சாம்பல்பூனை எழுதியது:

எனக்கு 'வாண்டாவிஷன்', 2021. எட்டாவது எபிசோட்.

வாண்டா தன்னோடு இரட்டையாகப் பிறந்த சகோதரனை இழந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். துக்கம் அலை மாதிரி அடித்துக் கீழே தள்ளுகிறது, எழுந்தால் மறுபடி அடிக்கிறது, மூழ்கிவிடுவேன் என்பாள். விஷன் என்ற இயந்திர மனிதன், நான் எப்போதும் தனியாகவே இருந்தவன், இழக்க எனக்கு யாரும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பான்: துக்கம் என்பது விடாமல் தொடரும் அன்பு இல்லாமல் வேறென்ன?

அப்பா போய் மூன்று வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி கூட்டுக்குள் வைப்பேன். யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லை. இடது பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது, அதன் மேல் துணி மாட்டும். எனக்கு ஏதோ ஆகிவிட்டது, இவ்வளவு நாளாகியும் இப்படியா என்று யாருக்கும் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த வசனத்தைக் கேட்ட பிறகு கூடத்திலேயே உட்கார்ந்து துடைக்கிறேன். போன மாதம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தெற்குஜன்னல் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதே வாண்டா தன் துக்கத்தில் ஒரு ஊரையே பிடித்து வைத்துக்கொண்டு அத்தனை பேரை வதைக்கிறாள். அன்புதான், ஆனாலும் அடுத்தவர் மேல் விழுந்தால் அது கொடுமைதான். அந்தத் தொடர் இரண்டையும் காட்டுகிறது.

---

இரண்டேவரி எழுதியது:

நான் வசனங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலையில் இருக்கிறேன். அதனால் என் பார்வை கொஞ்சம் வேறு.

'ஃப்ளீபேக்' தொடரின் இரண்டாம் சீசன், 2019, கடைசிக் காட்சி. பேருந்து நிறுத்தத்தில் அவள் பாதிரியாரிடம் காதலைச் சொல்கிறாள். அவர் பதிலுக்கு இரண்டே சொல் சொல்வார்: "It'll pass." அந்தத் தொடர் எனக்கு வேலையாக வரவில்லை, ஆனாலும் பல நாள் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "சரியாகிவிடும்" என்றால் காதலை நோய் என்று சொன்னதாகிறது. "மறந்துவிடுவாய்" என்றால் அது பொய், அவர் பொய் சொல்லவில்லை. "இதுவும் கடந்து போகும்" என்பது நமக்குக் கேட்டுக் கேட்டுப் பழகியது, அவர் பழமொழி சொல்லித் தப்பிக்கவும் இல்லை. கடைசியில் "போயிடும்" என்று வைத்தேன். அந்த ஒற்றைச் சொல்லில் அவருக்கும் வலிப்பது தெரிகிறது, ஏனென்றால் கிளம்பும் முன் நானும் உன்னைக் காதலிக்கிறேன் என்கிறார். ஒரு வசனத்தை நம் மொழியில் சொல்லிப் பார்த்தால்தான் அது நமக்கு என்ன சொல்கிறது என்று தெரியும். கடைசிவரிசை, பிக்கார்டின் வரியை உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, பகிர்வதற்கு முன் யார் சொன்னது என்று பாருங்கள். 'டெட் லாசோ' முதல் சீசனில் அம்பு எறியும் போட்டியில், எடைபோடாதே, தெரிந்துகொள்ள ஆசைப்படு என்ற வரியை அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் சொன்னதாக டெட் சொல்வார். விட்மன் எழுத்தில் அது இல்லை. 'செர்னோபில்' தொடரில் (2019) பொய் ஒவ்வொன்றும் உண்மைக்குப் பட்ட கடன் என்று நீதிமன்றத்தில் விஞ்ஞானி லெகாசோவ் பேசுவது, தொடரை எழுதிய கிரெய்க் மேசினின் வரி. நிஜ லெகாசோவ் அந்த விசாரணையில் இல்லவே இல்லை. வரியின் மதிப்பு இதனால் குறையாது, ஆனால் பொய்யைப் பற்றிய வரியையாவது உண்மையான பெயரோடு பகிரலாம்.

---

கடைசிவரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முழு எபிசோடையும் நேற்று இரவு பார்த்தேன். நிலாமுற்றம் சொன்ன மறுஆட்டத்தை இரண்டு முறை பார்த்தேன். இரண்டேவரி சொன்னபடி எழுதியும் பார்த்தேன்: "நீ ஒண்ணும் தப்பு பண்ணல. தோத்துட்ட. அவ்வளவுதான்." பாட்டி சொல்கிற மாதிரி இருந்தது, படித்ததும் அழுகை வந்துவிட்டது. புது நோட்டு ஒன்று எடுத்திருக்கிறேன். அதில் அதே தேர்வா, வேறு வழியா என்று இன்னும் எழுதவில்லை, தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவதுகியர், ஒன்று கேட்கலாமா? உங்கள் மாமா எத்தனை நாள் அப்படி வந்து உட்கார்ந்தார்?

---

மூன்றாவதுகியர் எழுதியது:

நாற்பது நாள் பக்கம் இருக்கும். முதல் பதினோரு நாள் வண்டி நகரவே இல்லை.